சியான்லொங் பேரரசரின் கொடிப்பந்தல்: வரைந்தது யார்? அது எந்த ஊர்க் கலை?

#1 – தூரிகை

இரண்டு வாரமாக ஒரு படம் எல்லாக் குழுக்களிலும் சுற்றுகிறது. விதானம் முழுக்க விஸ்டீரியா கொடிப்பந்தல், இளம் ஊதாப் பூக்கொத்துகள், பந்தல் இடுக்குகளில் நீல வானம். கீழே ஒரு வரி: "இத்தாலிய ஓவியர் காஸ்திலியோனே சீன அரண்மனையில் வரைந்த அற்புதம்." ஆண்டுகளைக் கொஞ்சம் ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த வரி நிற்காது. அதனால்தான் இந்த இழை.

படத்தில் இருப்பது பெய்ஜிங் 'தடைசெய்யப்பட்ட நகர'த்தின் வடகிழக்கு மூலையில் உள்ள ஜுவான்சின்ஜாய். உழைத்துக் களைத்தவர் ஓய்வெடுக்கும் இடம் என்கிற மாதிரி பெயர். தாத்தா காங்ஷி 61 ஆண்டு ஆண்டார், அவரைவிட அதிக காலம் அரியணையில் இருக்க மாட்டேன் என்று சொன்ன சியான்லொங், ஓய்வுக் காலத்துக்காக 1771 முதல் 1776 வரை ஒரு தனி வளாகம் கட்டினார். அதன் தோட்டத்தின் கடைசிக் கட்டிடம் இது. கிழக்குப் பகுதி வழக்கமான அரண்மனை அறைகள். மேற்குப் பகுதி ஒரே கூடம், உள்ளே குட்டி நாடக மேடை, எதிரே பேரரசர் உட்காரும் இடம். அந்தக் கூடத்தின் சுவரும் விதானமும் சேர்ந்து சுமார் 170 சதுர மீட்டருக்கு ஓவியம்.

வடக்குச் சுவரில் புள்ளி போட்ட மூங்கில் வேலி. நடுவில் வட்ட வாசல். அதற்கு அப்பால் தோட்டம், கொக்கு, அரண்மனைக் கூரைகள். கூடத்துக்குள்ளேயே நிஜமாக ஒரு வேலியும் நிற்கிறது. கைக்கு எட்டும் அந்த வேலி எங்கே முடிகிறது, சுவரில் வரைந்த வேலி எங்கே தொடங்குகிறது என்று சட்டென்று தெரியாதபடி அமைத்திருக்கிறார்கள். அந்த நிஜ வேலியும் மூங்கில் இல்லை! நன்மு என்ற உயர்ந்த மரத்தைச் செதுக்கி, மூங்கிலுக்கு இருக்கும் கணுவும் புள்ளியும் வைத்து வண்ணம் பூசியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜூசெப்பே காஸ்திலியோனே 1766இல் பெய்ஜிங்கிலேயே இறந்துவிட்டார். இந்தக் கட்டிடத்துக்கு அப்போது அடிக்கல்லே விழவில்லை. பிறகு வரைந்தது யார்? இதை ஐரோப்பியக் கலை என்று சொல்லலாமா?

#2 – சுவர்ப்பல்லி

நல்ல இழை. முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி, சிரிக்காதீர்கள். இது சுவரில் நேராக வரைந்ததா? இத்தாலியில் ஈரச் சுண்ணாம்பின்மேல் வரைவார்களே, அந்த ஃப்ரெஸ்கோவா?

#3 – தூரிகை

இல்லை சுவர்ப்பல்லி. பட்டுத் துணியில் வரைந்து ஒட்டியது. வழக்கமான சீன நிறங்களும் பசையும்தான், எண்ணெய் வண்ணம் இல்லை. அரண்மனைப் பட்டறையில் துண்டு துண்டாக வரைவார்கள். பின்பக்கம் காகிதம் கொடுத்துக் கெட்டியாக்கி, எடுத்து வந்து ஒட்டுவார்கள். சுவர் என்று நாம் நினைப்பது பல இடங்களில் மரச்சட்டக் கூடும் அதன்மேல் அடுக்கடுக்கான காகிதமும்தான். விதானமும் அப்படியே.

சீன அரண்மனைகளில் சுவரில் ஓவியத்தையும் எழுத்தையும் ஒட்டுவதும், பிடிக்காதபோது உரித்து எடுத்து வேறு ஒட்டுவதும் பழைய வழக்கம். அதற்குத் 'தியேலுவோ' என்று பெயர், 'ஒட்டு, உரி' என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வழக்கத்தின் தோளில்தான் இந்தக் கண்மயக்கு ஓவியம் ஏறி உட்கார்ந்தது. சுவர் முழுவதையும் ஒரே காட்சியாக மூடினால் அது 'தொங்ஜிங்ஹுவா'. பெர்ஸ்பெக்டிவ் விதிப்படி, அதாவது தூரத்தில் இருப்பது சிறுத்துக் குறுகித் தெரியும்படி கோடு பிடித்து வரைந்தால் 'ஷியன்ஃபா', அதாவது கோட்டு முறை.

வரைந்தது யார் என்பதற்கு அரண்மனைப் பட்டறைப் பதிவேடுகள் இருக்கின்றன. எந்த நாளில் எந்தக் கூடத்துக்கு எந்த ஓவியருக்கு என்ன உத்தரவு என்று எழுதிவைத்த கணக்கு அது. அதில் வருகிற முக்கியப் பெயர் வாங் யூஷ்யூ. காஸ்திலியோனேயின் சீன மாணவர். கூடவே யி லான்தாய் முதலிய மற்ற மாணவர்கள்.

#4 – கறார்

மாணவர் வரைந்தால் என்ன? வித்தை யாருடையது? ரோமில் சந்த் இக்னாசியோ தேவாலய விதானத்தை ஆந்திரேயா போட்ஸோ 1694இல் முடித்தார். தட்டையான துணியில் ஒரு பொய்க் குவிமாடம்கூட அங்கே வரைந்திருக்கிறார். அவர் இயேசு சபைக்காரர், காஸ்திலியோனேவும் அதே சபை. போட்ஸோவின் பெர்ஸ்பெக்டிவ் நூல் பெய்ஜிங்குக்குப் போயிருக்கிறது. இத்தாலியில் பிறந்த வித்தை, இத்தாலியர் கற்றுக்கொடுத்தது, அரண்மனைக்காரர்கள் அதைத் திருப்பிச் செய்தார்கள். இதற்கு எதற்கு இவ்வளவு நீட்டி முழக்குகிறீர்கள்?

#5 – தட்டிக்காரன்

நான் நாற்பது வருஷமாக நாடகத்துக்குத் தட்டியும் படுதாவும் எழுதுகிறவன். தொழில்காரன் கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

அந்த விதானப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பந்தலின் குறுக்குச் சட்டங்கள் எல்லாம் கட்டம் கட்டமாக நேராக இருக்கின்றன. எதுவும் ஓரிடத்தை நோக்கிக் குறுகவில்லை. முதலில் பார்த்ததும் 'இதில் பெர்ஸ்பெக்டிவ் எங்கே?' என்றுதான் தோன்றியது. பிறகு யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. விதானம் தட்டை, பந்தலும் அதற்கு இணையாகப் படுத்திருக்கிறது. இணையாக இருக்கும் தளம் வரைபடத்தில் கோணாது, அளவு மட்டும்தான் மாறும். கோணுவது தொங்குகிற பொருள்தான். அதனால் பூக்கொத்தைக் கவனியுங்கள். உச்சந்தலைக்கு நேர் மேலே இருக்கும் கொத்து அடியிலிருந்து பார்ப்பதுபோல் உருண்டையாக இருக்கும். நகர நகர நீண்டுகொண்டே போகும், நுனி எல்லாம் வெளிப்பக்கம் சாயும். எல்லாக் கொத்துகளின் காம்பையும் கோடு போட்டு நீட்டினால் ஒரே புள்ளியில் சேர வேண்டும். அந்தப் புள்ளிக்குக் கீழே நிற்பவனுக்குத்தான் முழு மயக்கம்.

ரோமில் போட்ஸோவுக்கு வேலை கடினம். அவருடைய விதானம் வளைவு. வளைவுக்குக் கீழே கயிற்றால் வலை கட்டி, பார்வைப் புள்ளியிலிருந்து நூல் பிடித்து, கட்டத்தை வளைவின்மேல் ஏற்ற வேண்டும். அந்த முறையை அவரே எழுதிவைத்திருக்கிறார். பெய்ஜிங்கில் பட்டைத் தரையில் விரித்து வரையலாம், கணக்கு ஒரு பங்கு குறைவு. ஆனால் ஒட்டும்போது துண்டுக்குத் துண்டு பொருந்த வேண்டுமே! ஒரு கொத்தின் பாதி ஒரு துண்டில், மறு பாதி அடுத்ததில் இருக்கும். அந்த ஒட்டுக்காரனைத்தான் நான் கும்பிடுவேன். அவன் பெயர் யாருக்கும் தெரியாது.

#6 – நிலாமதி

தட்டிக்காரன் ஐயா, இந்த ஒரு பதிவுக்காகவே இழையைப் புக்மார்க் செய்துவிட்டேன்.

இந்த மயக்கம் அரண்மனைக்குள் மட்டும் இருக்கவில்லை என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் சாவ் ஷுயேச்சின் எழுதிய 'சிவப்பு மாளிகைக் கனவு' நாவலின் 41ஆம் அத்தியாயம். கிராமத்துக் கிழவி லியு நன்றாகக் குடித்துவிட்டுப் பெரிய வீட்டில் வழி தவறி நாயகனின் அறைக்குள் போய்விடுகிறாள். எதிரே ஒரு பெண் சிரித்தபடி வரவேற்கிறாள். கிழவி ஏதோ பேசிக்கொண்டே கையைப் பிடிக்கப் போக, மடார் என்று பலகைச் சுவரில் தலை இடிக்கிறது. உற்றுப் பார்த்தால் ஓவியம். ஓவியம் இப்படிப் புடைத்துக்கொண்டுகூட நிற்குமா என்று தடவிப் பார்க்கிறாள், கைக்குத் தட்டையாக இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் நிலைக்கண்ணாடியில் தன்னையே பார்த்து, யாரோ சம்பந்தி அம்மாள் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறாள்.

அந்த ஓவியத்தை நாவலாசிரியர் விளக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பணக்கார வீட்டில் இதெல்லாம் இருக்கும், கிழவிக்குத்தான் தெரியாது. வாசகருக்குத் தெரிந்திருந்தால்தானே அங்கே சிரிப்பு வரும்?

#7 – சுவர்ப்பல்லி

கண்ணாடியும் கண்மயக்கும் ஒரே அறையில்! அந்தக் கிழவி அந்த ஜுவான்சின்ஜாய்க்குள் போயிருந்தால் வெளியே வந்திருக்கவே மாட்டாள்.

#8 – தூரிகை

கறார், உங்கள் கேள்வியைத் தள்ளிவிடவில்லை. வித்தை வந்த வழியைப் பார்ப்போம், அதில்தான் சுவாரசியம்.

காஸ்திலியோனே மிலானில் 1688இல் பிறந்தார். 1715இல் மக்காவ் வழியாகப் பெய்ஜிங் வந்து சேர்ந்தார். லாங் ஷினிங் என்று சீனப் பெயர். காங்ஷி, யோங்ஜெங், சியான்லொங் என்று மூன்று பேரரசர்களிடம் 50 வருடத்துக்கு மேல் வேலை. ஆனால் அவர் முதல் ஆள் இல்லை. ஜெரார்தீனி என்ற இத்தாலியர் 1700இல் வந்து, பெய்ஜிங் வடக்குத் தேவாலயத்தின் உள்ளே கண்மயக்கு ஓவியம் வரைந்துவிட்டு 1704இல் ஊர் திரும்பிவிட்டார். தட்டை விதானத்தில் பொய்க் குவிமாடம் பார்த்து நகரத்து மக்கள் வியந்தார்கள். ஆக, பெய்ஜிங்வாசி இந்த வித்தையை முதலில் பார்த்தது தேவாலயத்தில். அரண்மனை பிறகுதான்.

தெற்குத் தேவாலயத்தில் காஸ்திலியோனே வரைந்த இரண்டு ஓவியங்கள் எதிரெதிர்ச் சுவர்களில் சுவரளவு உயரத்துக்கு இருந்தன. பின்னாளில் யாவ் யுவான்ஜி என்ற அதிகாரி அவற்றைப் பார்த்ததை எழுதியிருக்கிறார். மேற்குச் சுவரடியில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிழக்குச் சுவரைப் பார்க்க வேண்டுமாம். உள்ளே அறைக்குள் அறை திறக்கிறது, முத்துத் திரை சுருட்டிக் கட்டியிருக்கிறது, சன்னல் பாதி திறந்து வெயில் தரையில் விழுகிறது. கிட்டே போனால் சுவர்.

ஒரு கண்ணை மூடு என்கிறார் பாருங்கள், அது அனுபவசாலியின் குறிப்பு. இரண்டு கண்ணும் திறந்திருந்தால், சில அடி தூரத்தில் இருக்கும் தட்டைப் பரப்பு தட்டை என்று மூளைக்குத் தெரிந்துவிடும். ஒற்றைக் கண்ணுக்கு அந்த உதவி இல்லை. போட்ஸோவின் விதானம் எங்கோ உயரத்தில் இருக்கிறது, அங்கே இந்தத் தொல்லை கிடையாது. பெய்ஜிங் அறைகள் சின்னவை.

நூல் விஷயமும் சொல்ல வேண்டும். நியான் ஷியாவ் என்ற உயர் அதிகாரி, ஜிங்தெஜென் அரசுப் பீங்கான் சூளைகளையும் மேற்பார்த்தவர், 1729இல் 'ஷிஷ்யூ' என்று பெர்ஸ்பெக்டிவுக்கே ஒரு சீன நூல் வெளியிட்டார். 1735இல் திருத்தி விரித்தார். போட்ஸோவின் படங்கள் பல அதில் இருக்கின்றன. லாங் ஷினிங்கிடம் கற்றேன் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார். தூணையும் வளைவையும் கோடு பிடித்து வரைவதோடு நிற்காமல் சீனச் சாடிகளையும் பாத்திரங்களையும் அதே முறையில் வரைந்து காட்டியிருக்கிறார். கேட்டதைத் திருப்பிச் சொல்கிற ஆள் இப்படிச் செய்ய மாட்டான்.

#9 – கறார்

ஆர்வமுள்ள ஒரு அதிகாரியைக் காட்டுகிறீர்கள். சீன ஓவியர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் சொல்லுங்கள். ஜோ யிகுய் என்று அரசவையிலேயே இருந்த ஓவியர். மேல்நாட்டார் கணக்குப் போட்டு வரைகிறார்கள், ஒளியும் தூரமும் இம்மி பிசகவில்லை, சுவரில் வீட்டை வரைந்தால் உள்ளே நடந்துபோகத் தோன்றுகிறது என்று புகழ்ந்துவிட்டு, ஆனால் தூரிகை நடையே இல்லை, என்ன திறமை இருந்தாலும் அது கைவினைதான், ஓவிய வரிசையில் சேர்க்க முடியாது என்று முடித்துவிட்டார். படித்த வர்க்கத்தின் தீர்ப்பு இது. உள்ளூர்க் கலையாக மாறியிருந்தால் இப்படிச் சொல்வாரா?

#10 – தூரிகை

சொல்லுவார். அவர் தள்ளிவைத்தது ஐரோப்பியரை மட்டும் இல்லை. தூரிகை நடை இல்லாத எதையும், உள்ளூர்ப் பட்டறை ஓவியர்களின் நுணுக்க வேலை உட்பட, படித்த வர்க்கம் கைவினை என்றுதான் ஒதுக்கியது. அது சாதி பார்க்கிற மாதிரி ஒரு பார்வை, ஊர் பார்க்கிற பார்வை இல்லை. அந்தத் தீர்ப்பு சுருளோவியத்துக்கும் ஆல்பத்துக்கும் பொருந்தும். அரண்மனைச் சுவர் ஒட்டுவதற்கு எந்தப் பண்டிதரின் அனுமதியும் தேவைப்படவில்லை. பேரரசர் பட்டறைக்கு ஆள் அனுப்பினால் போதும்.

#11 – தேவா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அதே காலத்தில் அதே சபையிலிருந்து இத்தாலியர் ஒருவர் நம்மிடையே இருந்தாரே, வீரமாமுனிவர். அவர் தமிழ் படித்துக் காப்பியமும் அகராதியும் எழுதினார், மதப் பணி செய்தார். இவர் ஏன் பெய்ஜிங்கில் பூவும் குதிரையும் வரைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்? போதிக்க வந்தவர்தானே?

#12 – தூரிகை

நல்ல கேள்வி தேவா. வேறுபாடு ஆட்களிடம் இல்லை, அரசாங்கத்திடம்தான். யோங்ஜெங் 1724இல் கிறிஸ்தவப் போதனையைத் தடை செய்தார். மாகாணங்களில் இருந்த பாதிரியார்களைத் துரத்தினார்கள். பெய்ஜிங்கில் அரசுக்குப் பயன்படுகிறவர்களை மட்டும் விட்டுவைத்தார்கள்: வானியல், கடிகாரம், வரைபடம், ஓவியம். காஸ்திலியோனே பாதிரியார்கூட இல்லை, சபையின் துறவுச் சகோதரர். அவர் தினமும் அரண்மனைப் பட்டறையில் உட்கார்ந்திருப்பதுதான் பெய்ஜிங் தேவாலயங்களுக்கு இருந்த பாதுகாப்பு. சியான்லொங் காலத்தில் தடை மேலும் இறுகியபோது, பேரரசர் பட்டறைக்கு வந்த ஒரு நாளில் அவர் மண்டியிட்டு முறையிட்டதாகச் சபையின் கடிதங்கள் சொல்கின்றன.

அதனால் பேரரசர் என்ன கேட்டாரோ அதையே வரைந்தார். முகத்தில் நிழல் வேண்டாம், அழுக்கு மாதிரி இருக்கிறது என்றால் நிழலை எடுத்துவிட்டார். அவருடைய அரசர் உருவப்படங்களைப் பாருங்கள், முன்னாலிருந்து ஒளி, முகம் நேராக, மூக்கின் பக்கவாட்டில் மெல்லிய சாயை மட்டும். கூட வேலை பார்த்த ஃப்ரெஞ்சுக்காரர் அத்திரே 1743இல் ஊருக்கு எழுதிய கடிதத்தில், கற்றதை மறந்து இவர்கள் ரசனைக்குப் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறார்.

#13 – பயணி

ஜுவான்சின்ஜாய் பார்க்கவில்லை, நான் போன காலத்தில் அந்தப் பக்கமே விடவில்லை. ஆனால் பேரரசர் குடியிருந்த யாங்ஷின்தியன் மாளிகையில் சன்ஷிதாங் அறையைச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறேன். இத்தனை பெரிய சாம்ராஜ்யத்தை ஆண்டவர் எழுதப் படிக்க வைத்துக்கொண்ட அறை அது. மொத்தமே சுமார் 8 சதுர மீட்டர்தான், அதையும் இரண்டாகத் தடுத்திருக்கிறார்கள். உள்ளே மேற்குச் சுவரில் கண்மயக்கு ஓவியம் உண்டு என்று தெரிந்துதான் போனேன். கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, பின்னாலிருந்து ஜனங்கள் இடிக்க, ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர் சொல்லுங்கள்.

#14 – நிலாமதி

பயணி, அந்த ஓவியம்தான் எனக்கு இந்த வகையிலேயே பிடித்தது. தரையில் நீலமும் வெள்ளையுமான பீங்கான் ஓடுகள் பதித்திருக்கிறார்கள். அதே ஓடுகள், அதே வடிவம், ஓவியத்துக்குள்ளும் தொடர்ந்து போகின்றன. அறை இன்னொரு அறைக்குள் நீள்கிறது, அங்கே ஒரு வட்ட வாசல், அதற்கப்பால் வெளியில் இரண்டு பேர் பூத்த ப்ளம் கிளையோடு நிற்கிறார்கள். 1765இல் செய்தது, காஸ்திலியோனே இறப்பதற்கு முந்தைய ஆண்டு.

பதிவேட்டில் உத்தரவு எப்படி இருக்கிறது தெரியுமா? ஜின் திங்பியாவ் என்ற சீன ஓவியர் முன்வரைவு போட வேண்டும், லாங் ஷினிங் முகங்களை வரைய வேண்டும், பிறகு மறுபடி ஜின் திங்பியாவ் முடிக்க வேண்டும். முகம் ஒருவர், மற்றதெல்லாம் இன்னொருவர். இதை யாருடைய ஓவியம் என்று சொல்வீர்கள் கறார்?

#15 – கறார்

ஃப்ளெமிஷ் ஓவியர் ரூபன்ஸின் பட்டறையிலும் அப்படித்தான் செய்தார்கள். அதனால் அது ரூபன்ஸ் இல்லை என்று ஆகிவிடுமா? இருந்தாலும் இந்தத் தகவல் எனக்குப் புதிது, நன்றி. உத்தரவில் முகம் மட்டும் அவருக்கு என்பது கவனிக்க வேண்டியதுதான்.

#16 – தட்டிக்காரன்

யுவான்மிங்யுவான், அதுதான் பெய்ஜிங்கின் பழைய கோடை அரண்மனை, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே. அதன் ஒரு ஓரத்தில் மேல்நாட்டு மாளிகைகள் கட்டினார்களே, அதன் கிழக்குக் கோடியில் குளத்துக்கு அந்தப் பக்கம் ஓவியச் சுவர்கள் இருந்ததாகப் படித்திருக்கிறேன். எங்கள் தொழிலுக்கு அதுதான் நெருக்கம்.

#17 – தூரிகை

ஆமாம் ஐயா. அந்த மாளிகைகளின் வேலை 1747இல் தொடங்கி 1759 வரை நடந்தது. கட்டிட வடிவம் காஸ்திலியோனே, நீரூற்று வேலை பெனுவா என்ற ஃப்ரெஞ்சுக்காரர். கிழக்குக் கோடியில் ஒரு செவ்வகக் குளம். அதற்கப்பால் இரு பக்கமும் குட்டையான சுவர்களை எதிரெதிராக, உள்ளே போகப் போகக் குறுகும்படி நிறுத்தி, ஒவ்வொன்றிலும் வீடுகளை வரைந்து மாட்டினார்கள். குளத்தின் இக்கரையில் நின்றால் ஒரு முழு ஐரோப்பியத் தெரு. நீங்கள் நாடகத்தில் சைடு தட்டி நிறுத்துகிற மாதிரியேதான். படத்தை மாற்றினால் ஊர் மாறிவிடும்.

இதை நாம் அறிவது 1780களில் அச்சான 20 செம்புத்தகட்டுப் படங்களால். இருபதாவது படம் இந்தத் தெரு. வரைந்தவர் யார்? நான் மேலே சொன்ன யி லான்தாய். ஐரோப்பிய மாளிகையை, ஐரோப்பியப் பெர்ஸ்பெக்டிவில், ஐரோப்பியச் செம்புத்தகட்டு முறைக்காக, சீனப் பட்டறைக்காரர் வரைகிறார். சில படங்களில் மாளிகை ஒரு கோணத்திலும் முன்னிருக்கும் தோட்டம் இன்னொரு கோணத்திலும் தெரியும். விதி தெரியாமல் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. முழு முற்றமும் தெரிய வேண்டும் என்பது அவர்களுக்கு விதியைவிட முக்கியம்.

1860 அக்டோபரில் பிரிட்டிஷ், ஃப்ரெஞ்சுப் படைகள் கொள்ளையடித்தன, பிறகு பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் உத்தரவில் எரித்தார்கள். கல் மாளிகைகளின் இடிபாடு மட்டும் மிச்சம். துணியும் மரமும் எதுவும் நிற்கவில்லை.

#18 – சுவர்ப்பல்லி

அதாவது ஐரோப்பியன் வரைந்துகொடுத்த ஐரோப்பியத் தெருவை ஐரோப்பியனே கொளுத்தினான். சபாஷ்.

ஜுவான்சின்ஜாய் மட்டும் எப்படித் தப்பித்தது?

#19 – தூரிகை

யாரும் குடியிருக்கவில்லை, அதனால்தான். சியான்லொங் 1796இல் பட்டத்தை மகனுக்குக் கொடுத்தாரே தவிர, அதிகாரத்தையும் யாங்ஷின்தியனையும் விடவில்லை. 1799இல் இறக்கும்வரை ஓய்வு மாளிகைக்குக் குடிபோகவே இல்லை. பின்னால் வந்தவர்கள் மாற்றக் கூடாது என்றும் சொல்லிவைத்திருந்தார். பெரும்பாலும் பூட்டியே கிடந்தது.

பட்டு வெடித்து, நிறம் உதிர்ந்து, காகிதம் பிரிந்து தொங்கிய நிலையில்தான் 2000களின் தொடக்கத்தில் அரண்மனை அருங்காட்சியகமும் உலக நினைவுச்சின்ன நிதியமும் சேர்ந்து சீரமைப்பைத் தொடங்கின. 2008இல் முடித்தார்கள். ஓவியங்களைச் சுவரிலிருந்தும் விதானத்திலிருந்தும் கழற்றி, சுத்தம் செய்து, புதிய பின்தாள் கொடுத்து, மறுபடி ஒட்டினார்கள். சிக்கல் எதில் வந்தது தெரியுமா? பின்தாளில். பழைய தாள் மல்பெரிப் பட்டையில் கையால் செய்தது, நீண்ட நார், இழுத்தால் கிழியாது. அந்தத் தரத்தில் கடையில் எதுவும் கிடைக்கவில்லை. அன்ஹுய் மாகாணத்தில் கைக்காகிதம் செய்கிறவர்களைத் தேடிப் பிடித்து, பழைய தாளின் நாரைச் சோதித்துப் பார்த்து அதற்கு இணையாகச் செய்யவைத்தார்கள். ஓவியம் இத்தாலிய முறை என்று சொல்லும் கறார் அவர்களே, அது சுவரில் நிற்பது அன்ஹுய் காகிதத்தில்.

#20 – கறார்

நாசூக்காக இடிக்கிறீர்கள், பரவாயில்லை. காகிதம் யாருடையது என்பதால் ஓவியம் யாருடையது என்று ஆகாது. ஒரு நேரான கேள்வி. ஜுவான்சின்ஜாய் ஓவியத்தின் யோசனையாவது உள்ளூரில் பிறந்ததா? வாங் யூஷ்யூ தானாக யோசித்தாரா, அல்லது குருவின் வேலையைப் பார்த்துப் போட்டாரா?

#21 – தூரிகை

பார்த்துப் போட்டதுதான். அதை மறைக்க ஒன்றும் இல்லை. ஜுவான்சின்ஜாய்க்கு முன்மாதிரி, அதே அரண்மனையின் மேற்குப் பக்கத்தில் ஜியன்ஃபு மாளிகைத் தோட்டத்தில் இருந்த ஜிங்ஷெங்ஜாய். கட்டிட அமைப்பும் கிட்டத்தட்ட அதே. 1742இல் அதன் உள்ளே பட்டு ஒட்டி லாங் ஷினிங் கொடிப்பந்தல் வரைய வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. ஆக, காஸ்திலியோனே கையால் வரைந்த விஸ்டீரியா பந்தல் உண்மையில் ஒன்று இருந்தது. சுற்றுகிற அந்தப் படத்தில் இருப்பது அது இல்லை.

ஆனால் யோசனை யாருடையது என்கிறீர்களே, அந்த உத்தரவை மறுபடி படியுங்கள். எந்த அறை, எந்தப் பொருள், எந்தப் பூ, யார் வரைய வேண்டும் எல்லாம் பேரரசரிடமிருந்து வருகிறது. போட்ஸோவின் விதானத்தில் புனிதர் சொர்க்கத்துக்கு ஏறுகிறார், கூட்டம் கூட்டமாகத் தேவதூதர்கள், எல்லாம் மேலே மேலே போகிறது. பார்ப்பவன் அண்ணாந்து வாய் பிளக்க வேண்டும், அதுதான் நோக்கம். இங்கே அதே கணக்கை வைத்துக்கொண்டு ஒரு கொடிப்பந்தலை இறக்கியிருக்கிறார்கள். வானம்கூடப் பந்தல் இடுக்கில் துண்டு துண்டாகத்தான். குளிர்காலப் பெய்ஜிங்கில், வெளியே எல்லாம் உறைந்து கிடக்கும்போது, ஒரு கிழவர் பூத்த பந்தலின் கீழ் உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டும். சபைக்காரர்கள் சொர்க்கத்தைக் காட்ட எடுத்துவந்த கருவியை அவர் தன் வீட்டுத் தோட்டத்துக்கு வாங்கிக்கொண்டார். என்னைக் கேட்டால் 'ஐரோப்பியச் செல்வாக்கு' என்பதைவிட, சியான்லொங்கின் செல்வாக்கு ஐரோப்பிய ஓவியர்மேல் என்று எழுதுவதே பொருத்தம்.

#22 – பயணி

1742 பந்தல் இப்போது எங்கே? மேற்குப் பக்கத் தோட்டம் ஒன்று புதிதாகக் கட்டியதாகச் சொன்னார்களே.

#23 – நிலாமதி

எரிந்துவிட்டது பயணி. 1923 ஜூன் மாத இரவில் ஜியன்ஃபு தோட்டம் முழுக்க எரிந்தது. பதவி இழந்த பிறகும் அரண்மனைக்குள் இருந்த கடைசிப் பேரரசர் பூயி, பொருள்கள் திருடு போவதால் கணக்கெடுக்கச் சொன்னார். கணக்கு நடக்கும்போதே தீ. அரண்மனை அலிகள்தான் திருட்டை மறைக்கக் கொளுத்தினார்கள் என்று அவர் நம்பி, பெரும்பாலானவர்களை அடுத்த மாதமே வெளியேற்றிவிட்டார். ஹாங்காங் நிதியுதவியில் 2005 வாக்கில் தோட்டத்தை மறுபடி கட்டி முடித்தார்கள். வெளியே பழைய முறை மரவேலை, உள்ளே இந்தக் காலத்து வரவேற்பு அறைகள்.

#24 – தட்டிக்காரன்

அப்படியானால் குருவின் பந்தலைப் பார்க்க மாணவனுடையதைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலிலும் இதே கதைதான், நல்ல படுதா எதுவும் மிஞ்சியதில்லை.

#25 – கறார்

தூரிகை, நான் இன்னும் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. உத்தரவு போட்டவன்தான் கலைஞன் என்றால் தாஜ்மஹாலைக் கட்டியது ஷாஜகான் என்று குழந்தைகள் எழுதுவதும் சரியாகிவிடும். வாங் யூஷ்யூவின் கைக்கு ஏதாவது தனித்தன்மை இருக்கிறதா என்று கேட்டேன், நீங்கள் பேரரசரைப் பற்றியே பேசுகிறீர்கள். சன்ஷிதாங் முகங்கள் குருவுடையவை, ஜுவான்சின்ஜாய் மாணவர்களுடையது. இரண்டின் பெரிய படங்களையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டால், கொக்கின் இறகையும் பூவின் விளிம்பையும் பார்த்து அந்தக் கேள்வியைத் தனியாகப் பேசலாம்.

#26 – சுவர்ப்பல்லி

நான் முதல் நாளே படம் கேட்க நினைத்தேன். இருங்கள், ஞாயிற்றுக்கிழமை தேடிப் போடுகிறேன்.